அத்துக்கட்டு

எங்கள் பக்கத்தில் விவாகரத்து என்ற சொல் புழக்கத்தில் இல்லை. அத்துவிடறது என்பார்கள். 'அவள அத்துவிட்டாச்சு', 'இவ அத்துக்கட்டுனவ'. ஊர்க்காரர்களுக்கு இது வசவு. 'அத்துக்கட்டற சாதிக்கு என்னடா மானம்' என்று தோட்டத்தில் வேலை வாங்கிக்கொண்டே சொல்வார்கள். அந்த வசவைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பிறகு எம்.ஏ. தமிழில் கற்பியல் நடத்தினார்கள். ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவு வகைகள். எல்லாமே ஆம்பளை போய்விட்டுத் திரும்பி வருகிற பிரிவுதான். மனைவி துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற பிரிவுக்கு அங்கே ஒரு துறைகூட இல்லை. பரத்தை வீட்டிலிருந்து வந்தவனுக்கு வாயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதோடு அவள் அதிகாரம் முடிந்துபோகிறது. எங்கள் வளவுப் பெண்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே அதிகாரம் இருந்திருக்கிறது. அது இலக்கணத்தில் ஏறவில்லை.

என் அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவளுக்குக் கல்யாணம் நடந்தது 2007ல், தாராபுரத்துக்குப் பக்கத்தில். மாமன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். 2009ல் பெண் குழந்தை. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். ஆறு செத்துப்போனது உண்மை, மூடியது நியாயம். ஆனால் பட்டறையில் கை வெந்தவனுக்கு என்ன வழி என்று எந்த உத்தரவும் பேசவில்லை. மாமன் முதலில் வீட்டில் உட்கார்ந்தார், பிறகு கடையில் உட்கார்ந்தார், பிறகு அக்காளை அடித்தார். அக்கா ஒன்றரை ஷிப்ட் ஓட்டி வாங்கி வந்த சனிக்கிழமைச் சம்பளம் ஞாயிறு காலையில் இருக்காது. 2013ல் அவருக்கு இன்னொரு பெண்ணோடு பழக்கம் என்று தெரிந்தது.

பஞ்சாயத்து வைத்தார்கள். பெரியதனக்காரர், ஏழெட்டு ஆம்பளைகள், என் அப்பா. அக்கா தள்ளி நின்றாள். பன்னிரண்டாயிரம் தீர்வைப் பணம். அதில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, நோட்டரியிடம் சீல் வாங்கினார்கள். 'இன்று முதல் ஒருவருக்கொருவர் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, பிற்காலத்தில் ஜீவனாம்சம் முதலான எதையும் கேட்கமாட்டேன்' என்று இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷமே மாமன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவளும் நம் சாதிப் பெண்தான், பக்கத்து வளவு.

பதினோரு வருஷம் அந்தப் பத்திரம் ஒரு பாலிதீன் கவரில் அரிசி டின்னுக்கடியில் கிடந்தது. எடுக்க வைத்தது ஒரு பாரம். கம்பெனியில் பி.எஃப். விவரங்களைச் சரிபார்க்கும்போது கணவர் பெயர் கேட்டார்கள். 'அத்துவிட்டாச்சுங்க' என்றாள் அக்கா. 'கோர்ட் ஆர்டர் இருக்குதா' என்று கேட்டார்கள். பத்திரத்தைக் காட்டினாள். இது செல்லாதே என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். மாடியில் சின்ன அறை. கீழே செகண்ட்ஸ் பனியன் கடை. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. நாங்கள் என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை, அவர் என்ன சாதி என்று நாங்களும் கேட்கவில்லை. பத்திரத்தை இரண்டு முறை படித்தார். 'நோட்டரிக்கு யாரையும் பிரிச்சு வைக்கிற அதிகாரம் கிடையாது அம்மிணி. இந்த சீலுக்கு மதிப்பே இல்ல. ஆனா பஞ்சாயத்து நடந்துதே, அதுக்கு மதிப்பு இருக்கலாம்' என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். 1955 இந்துத் திருமணச் சட்டம் விவாகரத்துக்கு நீதிமன்றத்துக்கு வா என்கிறது. அதே சட்டத்தில் 29(2) என்று ஒரு பிரிவு உண்டு. வழக்கத்தால் ஏற்கப்பட்ட மணமுறிவு உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்று அது சொல்கிறது. அதாவது அத்துவிடறது சட்ட விரோதமல்ல. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நம் சாதியில் வெகுகாலமாக, விடாமல், ஒரே சீராக இருந்து வருகிறது என்று மனுவில் எழுதி சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கிற பொறுப்பு வழக்கம் இருக்கிறது என்று சொல்கிறவருக்கு. 2002லும் 2005லும் உச்சநீதிமன்றம் இதைத் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. 2005 வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு. வேளாளக் கவுண்டர் குடும்பம். அவர்களும் பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டு, வழக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கத்தை முறையாக எடுத்துச் சொல்லி நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. வக்கீலம்மா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வசவாகக் கிடைத்தது அவர்களுக்கு வாதமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

29(2) வானத்திலிருந்து விழவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் விவாகரத்தைச் சேர்த்ததும் இந்து மதமே இடிந்துவிடும் என்று கூச்சல் போட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்துக்களில் பத்தில் ஒன்பது பங்கு சூத்திரர்கள், அவர்களிடம் வழக்கப்படி விவாகரத்து ஏற்கெனவே இருக்கிறது, சிறுபான்மையின் பழக்கத்தைப் பெரும்பான்மைக்குச் சட்டமாக்குவீர்களா என்று கேட்டார். மசோதாவை முடக்கினார்கள். 1951 செப்டம்பரில் அவர் மந்திரி பதவியை விட்டு வெளியேறிய காரணங்களில் அது முக்கியமானது. நாலு வருஷம் கழித்து மசோதாவைத் துண்டு துண்டாக்கி நிறைவேற்றினார்கள்.

அதற்காக வழக்கத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. எங்கள் அம்மாயி காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பிடிக்கவில்லையென்றால் பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து அவளும் போகலாம், அவனும் போகலாம். இப்போது பரிசம் போய் நகையும் வண்டியும் வந்துவிட்டது. கல்யாணம் மேல்சாதி மாதிரி ஆகிவிட்டது, அத்துவிடுவது மட்டும் பழைய மாதிரி. அதுவும் ஆம்பளை கைக்கு வசதியான அளவுக்கு. பஞ்சாயத்தில் பெண்ணுக்குப் பாய் விரிப்பதில்லை. சில ஊர்களில் எங்கள் தீர்வை கவுண்டர் வாசலில்தான் முடியும், அவருக்கும் ஒரு கும்பிடு வைத்துவிட்டு வர வேண்டும். இதையெல்லாம் நம் தோழர்கள் மாற்றுப் பண்பாடு என்று கட்டுரை எழுதும்போது சேர்த்து எழுத வேண்டும்.

மறுபடியும் அக்காளிடம் வருகிறேன். அவளுக்கு முதலில் வேண்டியது மகள் படிப்புக்குப் பணம். 'கேட்கமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்களே' என்று பயந்தாள். வக்கீலம்மா அந்த வரியைப் பேனாவால் தட்டினார். ஜீவனாம்ச உரிமையை எழுதிக்கொடுத்துக் கைகழுவ முடியாது, பிள்ளையின் உரிமையை எழுதிக்கொடுக்க யாருக்குமே அதிகாரமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆக இருக்கிறது. அதில் மனைவி என்றால் மறுமணம் செய்துகொள்ளாத, விவாகரத்தான பெண்ணும் அடக்கம். 'மனைவின்னாலும் உண்டு, தீர்த்துவிட்டவன்னாலும் உண்டு. பேசி வெச்சுப் பிரிஞ்சு இருக்கறவளுக்குக் கிடையாதுன்னு உள்ள ஒரு வரி இருக்குது, அவங்க அதைத்தான் பிடிப்பாங்க. கல்யாணமே முறிஞ்சுபோனவளுக்கு அந்த வரி பொருந்தாதுன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.' அக்கா குடியிருக்கிற திருப்பூரிலேயே மனு போடலாம், தாராபுரத்துக்கு அலைய வேண்டாம். மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்று 2020ல் ஒரு தீர்ப்பு. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்பதும் அதில் வந்ததுதான்.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். முதலில் இலவச சட்ட உதவியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவில் யார் யாருக்கு உண்டு என்ற பட்டியலில் பட்டியல் சாதியார் ஒன்று, பெண் ஒன்று, ஆலைத் தொழிலாளி ஒன்று. 'உங்க அக்காளுக்கு மூணு கதவு தொறந்திருக்குது' என்றார். வருமானச் சான்று எதுவும் வேண்டியதில்லை. திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் குனிந்திருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? நீங்கள் வேலை செய்யும் இடத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஜீவனாம்ச மனு போட்டோம். மகளுக்கு மாதம் நாலாயிரம் இடைக்கால உத்தரவு. இரண்டு மாதம் கட்டுவார், ஒரு மாதம் விடுவார்.

பி.எஃப். பாரம் அப்படியே நின்றது. சேமிப்புத் தொகைக்கு மகளை நாமினியாக எழுதிவிடலாம். ஆனால் அக்காளுக்கு ஒன்று ஆகிவிட்டால் வருகிற குடும்பப் பென்ஷனில், சட்டத்தின் கண்ணுக்குக் கணவனாக இருக்கிறவனைத் தாண்ட முடியாது. 'நான் செத்தாக்கூட அந்தாளுக்குத்தானா' என்றாள். வக்கீலம்மா மூன்று வழி சொன்னார். ஒன்று, இருவரும் சம்மதித்து மனு. ஆறு மாதக் காத்திருப்பைத் தேவைப்பட்டால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் தீர்ப்பு இருக்கிறது. மாமன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். முதல் கல்யாணம் இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் இருதார வழக்கு வருமென்று பயம். இரண்டு, விட்டுப்போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனதால் கைவிடல் என்று அக்கா தனியாகவே விவாகரத்து கேட்கலாம். இதுதான் சுலபம். மூன்று, 2013லேயே வழக்கப்படி தீர்ந்துவிட்டது என்று விளம்புகை கேட்பது. இதுதான் கஷ்டம். 'அதுக்கு சாதிய எழுதணுமுங்க. வழக்கம்னு சொன்னா யாரோட வழக்கம்னு சொல்லியாகணும்.'

நான் எதுவும் சொல்வதற்குள் அக்கா ஒன்று கேட்டாள். 'ரெண்டாவது வழியில போனா அந்தப் புள்ளைக்கு என்னாகும்?' இன்று விவாகரத்து வாங்கினால் 2014ல் நடந்த அந்தக் கல்யாணம் செல்லாத கல்யாணமாகவே நின்றுவிடும். குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவளுக்கு மனைவி என்ற பேர் இல்லை. 'அவளும் கைமடிக்கற வேலைக்குத்தான் போறா. ரெண்டு குழந்தைங்க. எனக்குச் செஞ்ச பத்திரம் செல்லாதுன்னு எனக்கு ஆன மாதிரி நாளைக்கு அவளுக்கும் ஆகோணுமா' என்றாள். மூன்றாவது வழி என்று முடிவானது.

சாட்சிக்கு யார்? 1909ல் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் ஏழு தொகுதிகளாக எழுதிய சாதிகள் புத்தகத்தில் இந்த வழக்கங்களைப் பற்றிக் குறிப்புகள் உண்டு. வெள்ளைக்காரன் எழுதியது காகிதம், கோர்ட் அதை எடுத்துப் பார்க்கும். எங்கள் கிழவிகளிடம் காகிதம் இல்லை. எங்கள் அம்மாயியே அத்துக்கட்டியவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா முப்பது வருஷமாக மறைத்து வைத்திருந்தாள், படிக்கிற பிள்ளைகள் காதுக்குப் போகக்கூடாதென்று. ஊர்க்காரர்களின் வசவு அவள் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டிருந்தது. 'அதையக் கோர்ட்ல போயிச் சொல்லோணுமா? எங்கப்பனுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்னு நாலு பேர் எழுதிப் படிக்கோணுமா?' என்று மூன்று நாள் சாப்பிடவில்லை.

அம்மாயிக்கு எண்பத்தைந்து இருக்கும். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். அம்மா அழுவதைக் கேட்டுவிட்டு, 'எதுக்குடி மூடி வெக்கற, நான் என்ன களவா எடுத்தேன்' என்றாள். வக்கீலம்மாவே வளவுக்கு வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது 'என்னுடைய முதல் கணவர் பஞ்சாயத்தார் முன்னிலையில் என்னை விலக்கிவிட்டார்' என்று வந்தது. அம்மாயி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

'அவன் எங்க விலக்குனான் சாமி? ஏழு ரூபா பரிசமும் ஒரு சீலையும் வாங்கியிருந்தாங்க. அதைய நாந்தான் கூலி வேல செஞ்சு சேத்து, கொண்டுபோயித் தட்டத்துல வெச்சேன். துரும்பக் கிள்ளிப் போட்டதும் நாந்தான். அப்படி எழுது.'

வக்கீலம்மா அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அம்மாயி ரேகை வைத்தாள். வழக்கு நடக்கிறது. மாமன் தரப்பு இன்னும் பதில் போடவில்லை, வாய்தா வாங்கியிருக்கிறார்கள்.