உப்புக் காற்றில் ஒரு மஞ்சள் பூச்சு

"ராமேசுவரம் போய் வந்தேன்" என்று சொன்னால் போதும், "22 தீர்த்தத்திலும் நீராடினாயா?" என்பதுதான் நம்மவர்களின் முதல் கேள்வி. வாசகர்களே, உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தத் தடவை ஒரு தீர்த்தத்தில்கூட நான் தலையை நனைக்கவில்லை. பாம்பனில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, மீன் வண்டி ஒன்றின் பக்கக் கண்ணாடிக்கு வர்ணம் பூசுவதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நான் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் பருவம். முன்பு 45 நாளாக இருந்த தடையை 2017-ல் 61 ஆக்கினார்கள். கடலுக்குப் போகாத படகு என்ன செய்யும்? கரையேறி அலங்காரம் செய்துகொள்ளும்! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுரண்டுகிறார்கள், தேய்க்கிறார்கள், பூசுகிறார்கள். ஊர் முழுவதும் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஒரு பரபரப்பு.

படகு நின்றால் மீன் வண்டியும் நின்றுவிடும். நான் சந்தித்த அண்ணன் தம்முடைய சின்ன லாரியில் மதுரைக்கு மீன் ஏற்றுகிறவர். ஐம்பது வயது இருக்கும்.

"படகுக்காரங்களுக்குத் தடைக்கால நிவாரணம்னு ஏதோ வருது தம்பி. எனக்கு என்ன வருது? எஃப்.சி. தான் வருது!" என்று சிரித்தார்.

வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்குள் வண்டியைச் சீர்செய்ய வேண்டும். வருமானமில்லாத மாதத்தில் பெயின்டர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. "வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று இறங்கிவிட்டார்.

பக்கக் கண்ணாடியின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா? 'மிரர் கவர்' என்பார்கள். அழகுக்காக மாட்டியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த நினைப்புப் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் அந்த மூடியில் விரிசல் கண்டிருக்கிறது. விரிசல் வழியாக உப்புக் காற்று புகுந்து உள்ளே திருகாணிகளை அரித்துவிட்டது. ஒரு நாள் விடிகாலை, பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில், கண்ணாடி தானாகத் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ரயில் பாலத்தைப் படம் பிடிக்க யாரோ நிறுத்தியிருந்த காரைச் சுற்றிக்கொண்டு போக இவர் வண்டியை ஒடித்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தது தெரியவில்லை.

"ஒரு சாண் இடைவெளி தம்பி. அவன் பிழைச்சதும் நான் பிழைச்சதும் ராமநாதசாமி புண்ணியம்" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். துருப்பிடித்த திருகாணியோடு மல்லுக்கட்டினால் அதன் தலை போய்விடும். முதல் நாள் இரவே நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். காலையில் முனகிக்கொண்டே கழன்றது. அடுத்து, மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகள். வருஷக் கணக்காக வெயில் தின்ற பிளாஸ்டிக், முறுக்கு மாதிரி ஒடியும். வெந்நீரில் நனைத்த துணியை மூடிமேல் சுற்றி ஐந்து நிமிஷம் விட்டார். பிறகு மரக்கரண்டிக் காம்பால் ஓரமாக நெம்பினார். 'டக்'கென்று ஒரு சத்தம். ஒடிந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, கழன்றதுதான்!

இனிமேல் அதிகாரம் அவர் மனைவியின் கைக்குப் போய்விட்டது. கோயில் கடைத்தெருவில் விற்கும் சங்குக்கும் சிப்பிக்கும் வர்ணம் தீட்டிப் பழகியவர் அந்த அக்கா. மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார், நல்ல தண்ணீரில் அலசினார், மறுபடி அலசினார். பாம்பனில் நல்ல தண்ணீரை இப்படிச் செலவழிப்பது சாமானியம் இல்லை. பிறகு விரலால் மூடியைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கரிக்குது" என்றார். மூன்றாவது முறை அலசல்.

காரணம் இல்லாமல் இல்லை. உப்பு ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. துளி உப்பு மூடியில் ஒட்டியிருக்க, அதன்மேல் பூச்சு பூசினால், அது பூச்சின் வழியே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கொப்புளம். பிறகு செதில் செதிலாக உரியும். உப்பு போனபின் உப்புத்தாள் வந்தது! (இந்தப் பெயரை வைத்தவர் பாம்பன்காரராக இருக்க முடியாது.) தண்ணீர் தொட்டு, பளபளப்புப் போகும் வரை தேய்த்தார்கள். விரிசலைப் பசையால் அடைத்து, காய்ந்ததும் அதையும் தேய்த்துச் சமமாக்கினார்கள்.

தரையில் விரிக்கக் காகிதம் வேண்டியிருந்தது. அண்ணன் எடுத்து வந்தது என்ன தெரியுமா? நம் பத்திரிகையின் பழைய இதழ்! "அதுல தொடர்கதை இருக்கு, வைங்க!" என்று அக்கா பிடுங்கிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் பூச்சு. பத்து மணிக்கு மேல் கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வந்துவிடுமாம். மூடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுற்றிலும் கொசுவலை கட்டிவிட்டார் அக்கா. பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர் முதலில். அது காய்ந்த பிறகு மஞ்சள், ஒரு சாண் தள்ளி நின்று, பனி பெய்கிற மாதிரி மெல்லிசாக. கால் மணி இடைவெளி விட்டு மூன்று தடவை. அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் வழிந்துவிடும். பொறுமையில்லாத அண்ணனுக்கு ஸ்பிரே டப்பாவைத் தொட அனுமதி இல்லை.

காய்கிற நேரத்தில் நான் கரைப் பக்கம் நடந்தேன். இரண்டு மூடிக்கு இந்தப் பாடு என்றால், இரண்டு கிலோமீட்டர் இரும்புக்கு? 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வர்ணம் பூசும் வேலை ஓய்ந்ததே இல்லை. ஒரு கோடியில் முடிப்பதற்குள் மறு கோடி துருவேறும். அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடி இரும்பு சீக்கிரம் அரிக்கும் இடம் பாம்பன்தான் என்று ஒரு பேச்சு உண்டு. 1964 டிசம்பர் புயல் அந்தப் பாலத்தைப் பிய்த்து எறிந்தபோது 46 நாளில் மறுபடி ரயில் ஓட வைத்தார் ஸ்ரீதரன். புயலை வெல்ல 46 நாள் போதும். உப்போடு போராட்டமோ 2022 டிசம்பரில் அதில் ரயில் நிற்கும் வரை நடந்தது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அதற்குப் பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு; கான்கிரீட்டுக்குள்ளும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. இதைச் சொன்னபோது அக்கா கேட்டார்: "பூசறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில கழுவினாங்களா?"

புதுத் திருகாணிகளுக்குக் கிரீஸ் தடவி, சாயங்காலம் மூடிகளை மாட்டினார்கள். அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கீழே இறங்கி, கண்ணாடித் தண்டைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. மறுபடி ஏறிப் பின்னால் பார்த்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் டெலிபோனில் விசாரித்தேன். ராமநாதபுரத்தில் எஃப்.சி. கிடைத்துவிட்டதாம். பிரேக் பார்த்தார்களாம், விளக்குப் பார்த்தார்களாம், டயர் பார்த்தார்களாம். மஞ்சள் மூடியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

"அவங்களுக்கு என்ன தெரியும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.