பிரிண்டருக்காகத் தீச்சுவரை இடிக்கலாமா?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப். எல்லாம் ஒரே ரவுட்டரில். ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிய பிரிண்டரை மற்றவையும் பயன்படுத்துகின்றன. திடீரென்று ஒருநாள் பிரிண்ட் வரவில்லை. உடனே பலரும் செய்யும் முதல் காரியம், தீச்சுவர் எனப்படும் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பதுதான். பிரிண்டர் ஓடிவிடும். ஃபயர்வாலை மறுபடி போட யாருக்கும் ஞாபகம் வராது.

அணைத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? 2003 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் தானாக இயங்காது. பிளாஸ்டர் என்ற புழு 135 என்ற எண்ணுள்ள வாசல் (போர்ட்) வழியாக உள்ளே வந்தது. யாரும் மெயில் திறக்கவில்லை, எதையும் க்ளிக் செய்யவில்லை. இணையத்தில் இணைந்திருந்ததே போதும்! அதைத் தடுக்கும் பேட்ச் ஜூலையிலேயே வந்துவிட்டது என்பதுதான் கொடுமை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகுதான் ஃபயர்வால் தானாக இயங்க ஆரம்பித்தது.

"ரவுட்டர் தடுக்காதா?" தடுக்கும், வெளியிலிருந்து வருவதை. வெளியே போய் வைரஸை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் லேப்டாப்பை? அது உள்ளேயே உட்கார்ந்து பக்கத்து கம்ப்யூட்டரைத் தட்டும். 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை, ஒரு கணினியில் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றை 445-ஆம் வாசல் வழியாகத் தேடிப் போனது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. குடும்பப் போட்டோக்கள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் போனால் போனதுதான்.

இந்த 445, ஃபைலும் பிரிண்டரும் பகிர்வதற்கான வாசல். அப்படியானால் யார் யாருக்குத் திறக்கவேண்டும்? பிரிண்ட் அனுப்பும் கணினி வெளியேதான் பேசுகிறது, அதில் வாசல் திறக்க வேண்டியதில்லை. பிரிண்டர் மாட்டியிருக்கும் ஒரே கணினியில் திறந்தால் போதும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். மூன்றிலும் ஃபயர்வாலைப் போடுங்கள். வீட்டு நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்றும், வெளி வை-ஃபையை 'பப்ளிக்' என்றும் குறியுங்கள். பிரிண்டர் கணினியில் மட்டும், பிரைவேட்டுக்கு மட்டும், பகிர்வு விதியை அனுமதியுங்கள். அந்த விதியின் 'ஸ்கோப்' பகுதியில் மற்ற இரண்டின் முகவரிகளை மட்டும் கொடுங்கள். 192.168 என்று ஆரம்பிக்கும் அந்த முகவரிகள் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் மறுபடி பிரிண்டர் நிற்கும், மறுபடி கை ஃபயர்வாலை அணைக்கப் போகும். திறந்த வாசல் திறந்ததுதான், அதனால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. புது புரோகிராம் அனுமதி கேட்கும் பெட்டி, விஷயம் தெரிந்தவர் வீட்டில் இல்லாதபோதுதான் வந்து நிற்கும். 'கேன்சல்' அழுத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, பிறகு திறந்துகொள்ளலாம் என்று அம்மாவிடமும் தாத்தாவிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.