வயிற்றுக்கு வரும் விருந்தாளிகள்

கடைசியில் ஒரு பிடி தயிர் சாதம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பிட்ட திருப்தியே வராது. ஆனால் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே போய் எங்கே தங்குகின்றன, என்ன செய்கின்றன என்று நான் யோசித்தது, பேரனுக்கு வயிறு கெட்டபோதுதான்.

இரண்டு வயதுக் குழந்தை. காது வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டது. மகள் அழாத குறை. டாக்டரம்மா முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைத்தான் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒரு புரோபயாடிக் பொடி.

"தயிர்தான் இருக்கே, இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் கொன்னுடும்மா. காலியான இடத்துல வேற கெட்டது வந்து உட்காரக் கூடாதில்லையா? தயிர்ல இருக்கறது பெரும்பாலும் அவ்வளவா ஒட்டாது. இது கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார்.

சில நாளில் வயிறு நேரானது. பொடியாலா, தானாகவா என்று சொல்ல முடியாது. ஆனால் 'ஒட்டிக்கிட்டு' என்ற சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. படித்துப் பார்த்தேன்.

குடலின் உட்சுவர் மேல் வழவழப்பான சளிப் படலம் போர்வை மாதிரி படர்ந்திருக்கிறது. தோட்டத்தில் நடந்தால் நாயுருவி விதை புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோலச் சில கிருமிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. 1980-களில் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸ் ஒன்றுக்கு, அவர்கள் பெயரின் முதலெழுத்துக்களால் 'ஜிஜி' என்றே பெயர். அதன் உடம்பில் நுண்ணிய இழைகள் இருப்பதையும், இழையிலுள்ள ஒரு புரதமே படலத்தைப் பிடிப்பதையும் 2009-ல் ஃபின்லாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். பின்னால் வரும் கெட்ட கிருமிக்கு இடம் குறைந்துவிடும்.

ஆனால் இது நிரந்தரமல்ல. பழைய படலம் கழிந்து புதிது உண்டாகிக்கொண்டே இருக்கிறது. பொடியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அவை வெளியேறிவிடும். விருந்தாளி என்றது அதனால்தான்.

விருந்தாளி சில நாள் தங்கினாலும் பெரிய நன்மை உண்டு. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. குடலில் நன்கு ஒட்டும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வகையை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு, பாதிப் பேருக்கு ஏழே நாள் கொடுத்தார்கள். கிடைக்காத குழந்தைகளில் 100-க்கு 9 பேருக்குக் கடும் கிருமித் தொற்றோ மரணமோ நேர்ந்தது, கிடைத்தவர்களில் 5.4 பேருக்குத்தான். எல்லாம் தாய்ப்பால் குடித்த, ஓரளவு எடையுள்ள குழந்தைகள்.

இதைப் படித்துவிட்டு நாமாகப் பொடி வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது, சகோதரிகளே! ஒரு வகை செய்வதை இன்னொரு வகை செய்யாது. குறைமாதக் குழந்தைக்குச் சில சமயம் ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரைக் கேட்டே கொடுங்கள். கொதிக்கும் பாலில் கலக்காதீர்கள், நுண்ணுயிர் செத்துவிடும்.

தயிரையும் விட்டுவிட வேண்டாம். அது நல்ல உணவு. கூடவே கீரை, பயறு, வாழைத்தண்டு என்று நார்ச்சத்தும் தட்டில் இருக்கட்டும். குடலிலேயே குடியிருக்கும் கிருமிகளுக்கு அதுதான் சோறு. விருந்தாளியைக் கவனிக்கும் மும்முரத்தில் வீட்டு மனிதர்களைப் பட்டினி போடலாமா?