பன்னாட்டு உறவுகள் படிக்க எங்கே சேர்வது?

சேர்க்கைப் பருவம் தொடங்கிவிட்டது. உள்பெட்டிக்கு வரும் மடல்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அக்கா, பன்னாட்டு உறவுகள் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" இதுவரை ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியில் பதில் எழுதிவந்தேன். எனக்கும் ஒரு காலத்தில் இரண்டு வரிப் பதில்களே கிடைத்தன. அவற்றை நம்பி என் அத்தையின் மனையைத் தொலைக்கப் பார்த்தேன். ஆகவே இம்முறை விரிவாக எழுதுகிறேன்.

நான் முதுகலையில் பயின்றது மொழியியல். மூன்றாம் பருவத்தில் பொருண்மையியல் வகுப்பில் ஆசிரியர் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னார். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இசுரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வடிவத்தில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன் 'தி' என்னும் சார்படை இல்லை; பிரெஞ்சு வடிவத்தில் அதற்கு இணையானது இருக்கிறது. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகள் மட்டுமா என்ற வழக்கு அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. தமிழில் பெயர்த்தால் அந்த வேறுபாடே புலப்படாது. நம் மொழியில் அத்தகைய சார்படை இல்லை. அன்று விடுதிக்குத் திரும்பும்போதே முடிவுசெய்துவிட்டேன், உடன்படிக்கைகளின் மொழியைத்தான் ஆராய வேண்டும் என்று. அதை எங்கே செய்வது என்பதைத்தான் சரியாக யோசிக்கவில்லை.

படிப்பு முடிந்த ஆண்டு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, இலண்டனில் ஓராண்டு முதுகலை; உதவித்தொகை கிடையாது; கட்டணமும் தங்கும் செலவுமாக 30 இலட்ச ரூபாயைத் தாண்டும். மற்றொன்று, தில்லியில் முனைவர் பட்ட இடம். கேட்டவர்கள் அனைவரும் தயங்காமல் இலண்டன் என்றனர். நானும் அந்தப் பெயரில் மயங்கியிருந்தேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அப்பா வேலையிழந்தார். அதன்பின் மாரிக்குப்பத்தில் காலை இரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய்க் காவலாளி வேலை பார்த்துவருகிறார். நாங்கள் குடியிருப்பது சுரங்க நிறுவனத்தின் குடியிருப்பு. எங்கள் பெயரில் எதுவும் இல்லை. 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். பங்காருப்பேட்டையில் அத்தையின் பெயரில் ஒரு மனை இருந்தது, அவர் மகளுக்கென்று வாங்கிவைத்தது. அப்பா போய்க் கேட்டார், அத்தையும் மறுக்கவில்லை. திரும்பி வந்த அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பாப்பா, இத படிச்சா அங்க என்ன சொல்லிக் குடுப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவுதான் முதன்முறையாக அந்தப் பாடத்திட்டத்தை முழுவதுமாகப் படித்தேன். கோட்பாடு, பாதுகாப்பு, பொருளாதாரம் என எல்லாவற்றிலும் கொஞ்சம் இருந்தது; உடன்படிக்கைகளின் மொழியைத் தொடும் தாள் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்த ஆசிரியர் எவரும் அதில் எழுதியிருக்கவும் இல்லை. தில்லியில் ஒருவர் எழுதியிருந்தார். மறுநாள் இலண்டனுக்கு மறுப்புக் கடிதம் அனுப்பினேன். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். செய்திருக்க வேண்டிய வேலையைத் தாமதமாகச் செய்தேன், அவ்வளவே.

தில்லியிலும் ஒரு பிழை நேர்ந்தது. நெறியாளர் எப்போது ஓய்வுபெறுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்றார். ஏழு மாதங்கள் நெறியாளர் இன்றியே கழிந்தன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'பன்னாட்டு உறவுகள்' என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. 1955இல் தில்லி சப்ரு இல்லத்தில் தொடங்கப்பெற்று, 1970இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் மேற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா என நிலப்பகுதி சார்ந்த மையங்கள் பல. அங்கே பள்ளியைக் காட்டிலும் மையத்தைத் தேர்வதே முதன்மை. அப்பகுதியின் மொழியைக் கற்க ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். ஜாதவ்பூரில் 1956 முதல் தனித்துறை இயங்குகிறது. கோட்டயத்திலும் புதுச்சேரியிலும் அரசியலோடு இணைத்துக் கற்பிக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திறம் சார்ந்த துறை உண்டு. சார்க் நாடுகள் சேர்ந்து நிறுவி, 2010இல் வகுப்புகளைத் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் அண்டை நாட்டு மாணவரோடு ஒரே வகுப்பில் அமரும் வாய்ப்பு கிடைக்கிறது. எது சிறந்தது என்பது உங்கள் கேள்வி எது என்பதைப் பொறுத்தது.

வெளியுறவுப் பணிக்காகவே இதைப் படிக்க எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். இந்தப் பட்டம் கட்டாயமன்று. ஆய்வுக்கு வருவோர் தேசியத் தகுதித் தேர்வை முதுகலையிலேயே மனத்தில் கொள்ளுங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000 ரூபாய். தில்லியில் அறை வாடகைக்கே போதாது. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டதால், ஆய்வைப் பழகிப் பார்க்க இடையில் படி ஏதும் இல்லை. முதுகலையிலேயே ஒரு நீண்ட கட்டுரையேனும் எழுதிப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் நான்கைக் கேளுங்கள். என் கேள்வியில் அங்கே யார் எழுதியிருக்கிறார்கள்? அவர் இன்னும் எத்தனை ஆண்டு பணியில் இருப்பார்? பணம் எங்கிருந்து வரும், அது யாருடைய பணம்? இடையில் நிறுத்த நேர்ந்தால் யார் கடனில் நிற்பார்?

நண்பர்களின் இலண்டன் படங்களைக் காணும்போது இன்றும் மனம் ஒரு கணம் தடுமாறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய பெயர் திறக்கும் சில கதவுகள் எனக்குத் திறக்காமலே போகலாம். உதவித்தொகை கிடைத்தால் தயங்காமல் செல்லுங்கள், நானும் சென்றிருப்பேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். மனை இன்னும் அத்தையின் பெயரிலேயே இருக்கிறது. அப்பாவிடம் 242ஆம் தீர்மானத்தின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தைக்கா இத்தன வருசம்?" என்றார். ஆம், அதைத்தான் படிக்கிறேன் என்றேன்.

கேள்விகள் இருப்பின் எழுதுங்கள். கல்லூரியின் பெயரோடு உங்கள் ஆய்வுக் கேள்வியையும் சேர்த்து அனுப்பினால் பயனுள்ள பதில் தர முயல்வேன்.