நான் சேர்ந்த பக்கம்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நானாவின் கணினியில் ‘ஸ்கைரிம்’ விளையாடத் தொடங்கினேன். 2011இல் வெளிவந்த விளையாட்டு அது. அதில் நாமும் கதையின் ஒரு பாத்திரம். பனி படர்ந்த நாடொன்றில் பேரரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும் போர் நடக்கிறது. எந்தப் பக்கம் சேர்வது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. கதையின் தொடக்கத்திலேயே பேரரசின் வீரர்கள் விசாரணை எதுவுமின்றி என் தலையை வெட்டக் கொண்டு போகிறார்கள். நோர்ட் இனத்தவர் தங்கள் தெய்வமான டாலோஸை வணங்குவதற்கும் பேரரசு தடை போட்டிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பதே நியாயம் என்று கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக்குடன் சேர்ந்தேன்.

அவனது நகரம் வின்ட்ஹெல்ம். வாயிலைத் தாண்டியதும் இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை மறித்து ஏசிக்கொண்டிருந்தார்கள். அவள் டன்மர் இனத்தவள். எரிமலை வெடித்து அகதிகளாக வந்தவர்களின் வழியில் வந்த அவர்களுக்கு, ஒடுங்கிய அழுக்கான ஒரு பகுதியே இருப்பிடம். ஆர்கோனியர் என்ற இன்னோர் இனத்தவருக்கோ மதிலுக்கு உள்ளே இடமே இல்லை. துறைமுகத்தில் கூலி வேலை செய்து அங்கேயே தங்குகிறார்கள்.

தஸ்பீஹுடன் பக்கத்தில் இருந்த உம்மும்மா, “அந்தப் பொம்பளைய ஏன் ஏசுறாங்க?” என்று கேட்டார்.

“அவட ஆக்கள் இவங்கட போருக்கு உதவி செய்யல்லையாம். உளவு பாக்குறாங்களாம்.”

உம்மும்மாவின் விரல் மணியில் நின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஐந்து வயதான என் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியவர் அவர். புத்தளத்து ஓலைக் கொட்டிலில்தான் உம்மா வளர்ந்தார்.

“பக்கத்து வீட்டாக்கள் படலையில நிண்டு அழுதாங்க மகள். கெட்டவங்க இல்ல. வாய் திறக்கப் பயம்.”

எனக்கு என்ன பயம் இருந்தது? என் கையில் இருந்தது ஒரு மௌஸ் மட்டுமே. ஆனாலும் அந்தப் பெண்ணைக் கடந்து போனேன். முதலில் போரை வெல்வோம், இவர்களுக்கு நியாயம் பிறகு கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் வென்றோம். உடனே டன்மர்களின் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். அதே அழுக்கு, அதே ஒடுக்கம். பேரரசு வென்றிருந்தால் டன்மர்களுக்காகப் பேசும் புருன்வுல்ஃப் நகரத் தலைவனாகியிருப்பான் என்றார் நானா. ஆனால் அப்போது டாலோஸ் வணக்கத்துக்கான தடை நீங்கியிருக்காது. குற்றமற்ற பக்கம் என்று ஒன்று அங்கே இருக்கவில்லை.

இந்த விளையாட்டில் நன்மை தீமைக்குப் புள்ளிகள் இல்லை. என் மௌனத்துக்காக எதுவும் குறையவில்லை. வெற்றி வெற்றியாகவே பதிவானது.

அன்றிரவு உம்மும்மாவிடம், “நாங்க வெண்டிட்டம்” என்றேன்.

“அந்தப் பொம்பளைக்கு இப்ப எப்படி?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நான் சேர்ந்த பக்கம் யாரை வாசலில் மறிக்கிறது என்று பார்ப்பதும் என் கடமைதான் என்பதை உம்மும்மாவின் கேள்வியில்தான் கற்றுக்கொண்டேன்.