கில்போவி எண்ணும் பட்டறை அரமும்

கிளைட்பேங்க், ஸ்காட்லாந்து

அன்புமிக்க நண்பருக்கு,

கிளாஸ்கோவிலிருந்து மேற்கே செல்லும் ரயில் கிளைட்பேங்கில் 'சிங்கர்' என்ற பெயர் கொண்ட நிலையத்தில் நின்று செல்கிறது. இந்நிலையத்தை ஒட்டிச் சிங்கர் நிறுவனம் நடத்திய, 1880-களின் நடுவில் இயங்கத் தொடங்கி 1980-இல் மூடப்பட்ட கில்போவி ஆலை, 1913-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தையல் மெஷின்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. 1911-இல் மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்களின் வேலைச்சுமை கூட்டப்பட்டதை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் பல்லாயிரம் தொழிலாளர்களிடம் பரவியதும் இங்கேதான். ஊருக்கே நேரம் காட்டிய ஆலையின் மணிக்கூண்டு 1963-இல் இடிக்கப்பட்டது. ஆலை நின்ற நிலத்தில் இன்று வணிக வளாகம் இருக்கிறது. எனினும் பழைய தொழிற்சாலை மெஷின் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு இந்த ஊரே தொடக்கமாக அமைகிறது.

மேற்கு டன்பார்ட்டன்ஷயர் மன்றத்தின் பொறுப்பில் உள்ள சிங்கர் திரட்டு, ஸ்காட்லாந்தின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திரட்டுகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதில் வீட்டு மெஷின்களோடு தோல், கித்தான், கனத்த கம்பளி ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட தொழிற்சாலை மெஷின்களும் அடங்கும். '29கே', '31கே', '45கே' என வழங்கும் பெயர்களில் முதலில் வரும் எண் மெஷினின் வகையையும், 'கே' என்ற எழுத்து அது கில்போவியில் செய்யப்பட்டதையும் குறிக்கின்றன. அடித்தட்டில் பொறிக்கப்பட்ட வரிசை எண் ஆண்டைக் கணிக்க உதவும். உதிரிபாகம் தேடும்போது இதைவிடப் பயன்படுவது, பாகங்களின் மேல் 'சிமான்கோ' என்ற நிறுவன முத்திரையோடு பொறிக்கப்பட்டுள்ள பாக எண்ணாகும். ஒரு பாகம் எந்த மெஷினுக்காகச் செய்யப்பட்டது, வேறு எந்த வகைகளுக்குப் பொருந்தும் என்பவற்றை, நிறுவனம் வெளியிட்ட பாகப் பட்டியலோடு அந்த எண்ணை ஒப்பிட்டு அறியலாம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பாகங்களுக்குள் உள்ள நுண்ணிய வேறுபாட்டையும் அதே எண் காட்டிக்கொடுக்கும்.

இத்தனை ஒழுங்கு இருந்தும் புதுப்பித்தல் எளிதாவதில்லை என்பதற்கு 29கே வகை நல்ல சான்றாகும். செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் இம்மெஷினுக்கு, காலணியின் உட்பகுதிவரை நுழையக்கூடிய நீண்டு ஒடுங்கிய கை உண்டு; அந்தக் கையின் முனையில் படகு வடிவ ஷட்டில், அதாவது பாபினைத் தாங்கி அடிநூலைக் கண்ணியில் கோத்துத் தரும் உறுப்பு, அமர்ந்திருக்கிறது. கையின் உள்ளே முன்னும் பின்னும் ஓடும் பற்சட்டம் சிறிய பற்சக்கரங்களைச் சுழற்றி அந்த ஷட்டிலை இயக்குகிறது. தையலின் திசையை மாற்ற, தோலைத் திருப்பாமல் மெஷினின் தலைப்பகுதியையே முழு வட்டமாகத் திருப்பலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமே அதை நகர்த்தவும் செய்வதால், அடியில் பல்தட்டு எதுவும் இல்லை.

பாதத்தை நகர்த்தும் பொறியமைப்பில்தான் தேய்மானம் முதலில் வெளிப்படும். ஊசிக்கம்பியைச் சூழ்ந்துள்ள ஒரு வளையம் மேலும் கீழும் அசைய, அதன் விளிம்பில் உரசும் வளைந்த நெம்புகோல் அந்த மேல்-கீழ் அசைவைப் பாதத்தின் கிடைமட்ட அசைவாக மாற்றுகிறது. பல்லாண்டு உழைப்பில் நெம்புகோலின் முனையும் வளையத்தின் பள்ளமும் ஒவ்வொன்றும் சிறிதாகத் தேய்வதால், இடையில் உண்டாகும் தளர்ச்சி ஒவ்வொரு தையலிலும் அசைவின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. தையல் நீளத்தை அதிகபட்சமாக வைத்தாலும் கண்ணிகள் நெருங்கியே விழுகின்றன. இக்குறைக்கு ஊசியையும் நூலையும் மாற்றிப் பார்ப்பது வீண் வேலையாகும். தேய்ந்த முனையில் உலோகத்தைப் பற்றவைத்து மேடாக்கி, பின்னர் அரத்தால் சிறிது சிறிதாக ராவி, வளையத்தோடு சேர்த்துச் சரிபார்ப்பதே நல்ல பட்டறைகளில் பின்பற்றப்படும் முறை.

உதிரிபாகங்கள் பொதுவாக நான்கு வழிகளில் கிடைக்கின்றன. இயங்காத மற்றொரு மெஷினைப் பிரித்து எடுப்பது, விற்காமல் தங்கிய பழைய சரக்கைத் தேடுவது, இன்று செய்யப்படும் நகல் பாகங்களை வாங்குவது, லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்வது என்பவை அவை. பஞ்சாபின் லூதியானாவிலும் சீனாவிலும் செய்யப்படும் நகல்கள் விலை குறைந்தவை. பாபின் போன்ற சிறு பாகங்களுக்கு அவை பல வேளைகளில் போதுமானவை. ஆனால் பற்சட்டம், ஷட்டில் போன்றவற்றில் அளவு மயிரிழை பிசகினாலும் நூல் சிக்கும் அல்லது ஊசி முறியும் என்பதால், வாங்கும் முன் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளப்பது இன்றியமையாதது. ஊசியிலும் இதே கவனம் வேண்டும்: தோலுக்கு 29×3, துணிக்கு 29×4 என 29கே மெஷினுக்கு உரிய வரிசைகள் தனியாக உள்ளன, வீட்டு மெஷின் ஊசி இதற்குப் பொருந்தாது.

எல்லாவற்றிலும் எளிதாகத் தொலைவதும் அரிதாகக் கிடைப்பதும் திருகாணிதான். சிங்கர் நிறுவனம் தன் திருகாணிகளில் பலவற்றுக்குத் தனக்கே உரிய புரியளவை வகுத்துக்கொண்டதால், கடையில் கிடைக்கும் ஆணியைத் திணித்துத் திருகினால் வார்ப்பிரும்பின் உட்புரி அழிந்துவிடும். அழிந்த புரியைச் சீராக்குவது பாகம் வாங்குவதைவிடக் கடினமான வேலை. ஆகையால் இறுகிய திருகாணியை வலிந்து திருப்பாமல், ஊடுருவும் எண்ணெய் விட்டு, மிதமாகச் சூடேற்றி, பொறுத்திருந்து, அதன் பிளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் திறக்க வேண்டும். உள்ளுறுப்புகளில் கெட்டிப்பட்ட பழைய எண்ணெயை மண்ணெண்ணெய் கரைத்துவிடும். வெளியே உள்ள கருமெருகையும் பொன்னிறப் பூவேலையையும் தையல் மெஷின் எண்ணெயால் மட்டுமே துடைக்க வேண்டும், ஏனெனில் அவற்றைக் காக்கும் அரக்குப் பூச்சைச் சாராயம் கலந்த திரவங்கள் கரைத்துவிடும்.

கில்போவியின் எண் ஒழுங்கு சரியான பாகத்தை அடையாளம் காட்டுகிறது. ஆனால் அந்தப் பாகம் பக்கத்து உறுப்புகளோடு பல்லாண்டு சேர்ந்து தேய்ந்து உருவான பொருத்தத்தை எந்தப் பட்டியலாலும் தர முடியாது. புதிய நெம்புகோல் பழைய வளையத்தோடு இசைய மறுப்பதும், ஒட்டுப்போட்டு ராவிய பழைய நெம்புகோல் செவ்வனே இயங்குவதும் இதனால்தான். ஆகவே புதுப்பிப்பவரின் முதல் கடமை, உள்ள பாகத்தில் எது இன்னும் உழைக்கும் என்று அறிவதாகும்; மாற்றுவது அதற்குப் பிறகே.

தங்கள் ஊர்ச் செருப்புப் பட்டறைகளில் இத்தகைய மெஷின் ஏதேனும் மூலையில் கிடந்தால், அதைப் பழைய இரும்பின் விலைக்குக் கொடுத்துவிடாமல் தடுக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து, பாக எண்களை ஏட்டில் குறித்து, திருகாணிகளைத் தனித்தனிச் சிமிழ்களில் இட்டு வைத்தால், வேலையில் பாதி முடிந்ததாகவே கொள்ளலாம். மீதிப் பாதிக்கு அரம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தக் கைத்தொழிலைக் கற்றவர்கள் இருக்கும்போதே இளையோர் அவர்களிடம் சென்று கற்றுக்கொள்ளத் தாங்கள் வழி செய்ய வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நண்பர்