குழாயின் வாய் பின்பக்கம்

நார்த்தாமலையில் சத்தம் சீக்கிரம் சாகாது. திருச்சி–புதுக்கோட்டை சாலையில் கீரனூர் தாண்டி ஊருக்குள் திரும்பினால் மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று வரிசையாகக் குன்றுகள். பாதிக்கு மேல் மொட்டைப் பாறை. மண் சத்தத்தைக் குடிக்கும், இலை தழையும் கொஞ்சம் குடிக்கும். பாறை வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மேளம் கட்டினால் ஊருக்கு ஒரு மேளம், மலைக்கு ஒரு மேளம். இப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு பழைய புல்லட் வைத்திருக்கிறேன்.

சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கியது. எல்லையில் ரோந்து போக இராணுவம் புல்லட் கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டிருந்தது. என்னுடையது வார்ப்பிரும்பு எஞ்சின் காலத்தது: 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு பொட்டு இறக்கி, டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு, பிறகு முழு எடையையும் போட்டு ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் தாங்காது.

கிளம்பிவிட்டால் அந்த ‘டுக்... டுக்... டுக்’. இதில் மாயம் ஒன்றும் இல்லை, கணக்குதான். நான்கு வீச்சு எஞ்சினில் ஃப்ளைவீல் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடி. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடவிட்டால் 300 வெடி, நொடிக்கு ஐந்து. அதைக் காதால் எண்ண முடியும். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய் வருகிறது. கனத்த ஃப்ளைவீல் அவசரப்படாமல் சுற்றுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. ஒரு காலத்தில் எஸ்.ஐ.யும் மிராசுதாரும் வருவதைத் தெருமுனைக்கு முன்பே சொன்னது இந்த இடைவெளிதான்.

இந்த மெல்லிய அடியை ஊரைக் கூட்டும் அடியாக மாற்ற யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. துருவே செய்துவிடும். பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று குறுந்தூரமே ஓட்டினால் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. உள்ளேயே நீர் தங்கும். சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாயும் இருக்கின்றன. வெடித்து வரும் வாயு அவற்றில் முட்டி மோதி, விரிந்து, வேகம் தணிந்துதான் வெளியே வர வேண்டும். என் வண்டியில் மேலே குரோமியம் மினுங்கிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மெக்கானிக் கழற்றி வாயைத் தரைப்பக்கம் சாய்த்துத் தட்டினார். கருஞ்சிவப்புத் துகள் ஒரு கைப்பிடி கொட்டியது. “உள்ள இருந்த கூடு பூராம் உதுந்துபோச்சுண்ணே. இப்ப இது வெறும் குழாதான்.”

வேறு வாங்கப் போனால் கடையில் தொங்குவதெல்லாம் அதைவிடச் சத்தமானவை. பாட்டில், மெகாபோன், இந்தோரி, பஞ்சாப் என்று வகை வகையாகப் பெயர். கம்பெனி சைலன்சர் கேட்டால் சொல்லி வரவழைக்க வேண்டும். அது வரும்வரை வெறும் குழாயோடுதான் வாழ்க்கை. ஓட்டுகிற எனக்கு அது சுகமாகவே இருந்தது, மறைப்பானேன்? கடம்பர்மலை ஓரமாக மூன்றாம் கியரில் போகும்போது பாறை திருப்பிக் கொடுக்கும் அடி தொடைவரைக்கும் ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டால் எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல் சூடான குழாய்க்குள் பற்றிக்கொண்டு ‘படார்’ என்று ஒரு வெடி. பள்ளிக்கூடப் பையன்கள் அதற்காகவே கை தட்டுவார்கள்.

வெள்ளனே கிளம்ப வேண்டிய நாட்களில் மட்டும் 160 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போவேன். அங்கே வைத்து உதைத்தாலும் எதிர்வீட்டு அப்பத்தா விழித்துக்கொள்ளும். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னது: “ஏய்யா, நீ பாட்டுக்குப் போயிட்ட. ஒன் சத்தம் இன்னும் இங்கனதான் நிக்குது.”

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் மேலமலையில்தான் புரிந்தது. மலைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. பெயரில் சோழன் இருந்தாலும் அதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதன் எதிரே பாறையில் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த மாப்பிள்ளை, டீ வாங்கி வருகிறேன் என்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றுவரை அந்த வண்டியை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. கீழே கிளம்பியது; திரும்பிய இடத்தில் வண்டி மறைந்துவிட்டது. சத்தம் மறையவில்லை. எதிர்க்குன்றில் பட்டு வந்தது, குளத்துப் பக்கமிருந்து வந்தது, எந்தத் திசை என்றே தெரியாமல் வந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. உட்கார்ந்து ஓட்டும்போது நான் கேட்ட ‘டுக் டுக்’ அதில் இல்லை. அந்த அடி எதிரொலியில் ஒன்றோடொன்று மோதிக் கலைந்து, ஒரே இரைச்சலாக மேலே ஏறியது.

காரணம் எளிது. குழாயின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. ஓட்டுகிறவன் தன் சத்தத்துக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறான். வேகம் கூடினால் காற்று வேறு காதை அடைத்துவிடும். அவனுக்குக் கிடைப்பது தாளம், தெருவுக்குக் கிடைப்பது மிச்சம். சத்தமான குழாய் பாதுகாப்பு, கார்க்காரன் கேட்டு ஒதுங்குவான் என்று அமெரிக்காவில் ஹார்லி ஓட்டுகிறவர்கள் நெடுநாளாக வாதாடுகிறார்கள். ஆனால் குறுக்கே திரும்பும் லாரி நிற்பது எதிரே. சத்தம் போவது பின்னே.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பணக்காரர்களின் கதையும் இதேதான். இதில் யோசிக்க வைக்கும் ஒன்றை பி.எம்.டபிள்யூ. செய்தது. 2011-இல் வந்த எம்5 காரில் கதவை மூடினால் எஞ்சின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று, அதை உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக ஒலிக்க வைத்தார்கள். ஓட்டுகிறவருக்குச் சத்தம், தெருவுக்கு நிம்மதி. இருபக்கமும் லாபம் என்றுதானே நினைப்போம்? ரசிகர்களோ போலி என்று முகம் சுளித்தார்கள். சத்தம் நம் காதுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த ஸ்பீக்கர் போதும். போதாது என்கிறோம் என்றால், நமக்கு வேண்டியது சத்தமல்ல, அதைக் கேட்க ஆள். அந்த ஆளோ தூக்கத்தில் இருக்கிறார், அல்லது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இதைத் தன் கணக்கில் சொல்கிறது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் அளவு 45. டெசிபல் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதால் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதம், 3 மாதம்வரை சிறை. நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை அடுக்கி வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். மேலமலை அடிவாரத்தில் டெசிபல் மீட்டரோடு யாரும் நிற்பதில்லை. இங்கே அந்த வேலையை அப்பத்தாதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று புது எஞ்சின் வண்டியில் திறந்த குழாய் மாட்டிக்கொண்டு வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுபோய் ஆண்டுகளாகிவிட்டன. அந்தப் பழைய அடியைக் குழாயில் வாங்கிவிடலாம் என்று நம்புகிறார்கள். அடி குழாயில் இல்லை, ஃப்ளைவீலில் இருக்கிறது. தாளம் பிடிபடாதவன் கையில் பெரிய தவிலைக் கொடுத்தால் தோல்தான் கிழியும்.

கம்பெனி சைலன்சர் வந்து சேர்ந்தது. மாட்டியதும் மெக்கானிக்கே உதட்டைப் பிதுக்கினார்: “வண்டி செத்த மாதிரி இருக்குண்ணே.” சாகவில்லை. இடைவெளி அப்படியே இருக்கிறது, நொடிக்கு ஐந்தும் குறையவில்லை. தெருமுனை திரும்பும்போதே என் வீட்டு நாய் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த அளவே போதும். போனதென்றால் பள்ளிக்கூடப் பையன்களின் கைதட்டு ஒன்றுதான். வந்த தொல்லை ஒன்று உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பத்தா வாசலிலிருந்து சொல்வது இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது: “ஏய்யா, கீரனூருக்கா போற? கொழுந்து வெத்தலையா ரெண்டு கவுளி வாங்கியா. போன தடவ மாதிரி முத்தல வாங்கிட்டு வந்துறாத.” கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை.